நெய்தலைப் பற்றி நீ எழுதிய கட்டுரை

கிளிநொச்சியில் போட்டோ கொப்பிக் கடைக்காரர் தாள்களை இயந்திரத்திலிருந்து எடுத்து, மேசையில் தட்டி அடுக்கி என் கையில் தந்தபோது அவை இன்னும் சுட்டன. மையும் சூடும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. உன் கட்டுரையை முதன்முதலில் அச்செடுத்த அன்று, வவுனியாவில் இப்படியொரு கடையில், தாளை முகத்தருகே கொண்டுபோய் மணந்துவிட்டு, "பேக்கரிப் போறணையால எடுத்த பாண் மாதிரிக் கிடக்கடி" என்றாய். கடைக்காரர் சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் சொன்னாய்.

இன்று அச்சாகி வந்தது என்னுடைய முதுமாணிப் பட்ட ஆய்வேட்டின் திருத்திய இறுதிப் பிரதி. அதை முதலில் உன்னிடம்தான் காட்டியிருப்பேன். நீ போன பிறகு இன்னொரு மாரியும் வந்துவிட்டது. குளம் நிரம்பி, எங்கள் வயலில் பயிர் பச்சை பிடித்து நிற்கிறது. துக்கம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன்னைப் பற்றி யாரிடமாவது பெருமையடிக்க வேண்டும் போல இருக்கிறது. உன்னிடமே சொல்கிறேன். நீ வெட்கப்படுகிற ஆளும் இல்லை.

நாம் சந்தித்தது முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போகும் சனிக்கிழமை பஸ்ஸில். நான் மாங்குளம் சந்தியில் ஏறி, இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யன்னலோரம் இருந்த நீ என் கையிலிருந்த இலக்கணப் புத்தகத்தைப் பார்த்தாய். "நீங்களும் வெளிவாரி டிகிரியோ? இருங்கோ அக்கா" என்று உன் பையைத் தூக்கி மடியில் வைத்து இடம் தந்தாய். வவுனியா நெளுக்குளத்தில் வெளிவாரிப் பட்ட வகுப்பு நடக்கும் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நமக்கு ஒரே வயது என்று தெரிந்துவிட்டது. "அப்ப என்னத்துக்கு அக்கா?" என்று அந்த இடத்திலேயே அதை நிறுத்திவிட்டாய். அதன் பிறகு நான் உனக்கு "எடி"தான்.

நீ கொக்கிளாயில் முன்பள்ளி ஆசிரியை. உன் மனுசன் களப்பில் மீன்பிடித் தொழில் செய்தார். நான் மாங்குளத்தில் ஒரு சிறு நூலகத்தில் உதவியாளர். என் அப்பா யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வந்து காடு வெட்டி வயல் செய்தவர். கடலை நான் கண்டதெல்லாம் யாரோடாவது கூடிப் போனபோதுதான். நீ வயலைப் பஸ் யன்னலால் மட்டும் கண்டவள். "உந்தப் பச்சையைப் பாத்துக்கொண்டு எப்பிடியடி வேலை செய்யிறனீங்கள்? நித்திரையெல்லோ வரும்" என்று கேட்பாய். இருவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். சண்டையும் இடப்பெயர்வும் தின்ற படிப்பை, முப்பத்தைந்து தாண்டிய பிறகு மீட்க வந்திருந்தோம். எங்களுக்குப் படிப்பித்த மிஸ் எங்களைவிட இளையவர். அதில் உனக்கு ஒரு சங்கடமும் இருக்கவில்லை. "வயசில தங்கச்சி, படிப்பில தாய்" என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் இருப்பாய்.

அந்தக் கேள்வியும் முன்வரிசையிலிருந்துதான் வந்தது. மிஸ் சங்கப் பாடல்களின் திணை மரபை விளக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வு. கடலும் கடல் சார்ந்த நிலமுமான நெய்தலுக்கு உரியது இரங்கல். பிரிந்தவனை நினைத்துக் கரையில் தலைவி வருந்தியிருப்பாள். நாங்கள் எல்லோரும் எழுதிக்கொண்டோம். நீ பேனையை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாய்.

"மிஸ், அவள் அழுதுகொண்டு சும்மா இருக்கிறாளோ?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

"கடற்கரையில சும்மா இருக்கிற ஒரு பொம்பிளையையும் நான் காணேல்லை மிஸ்."

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. கரும்பலகையில் எழுதிய சோக்கை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இறுதி வருசத்தில ஆய்வுக் கட்டுரை ஒண்டு எழுதவேணும். உங்கட தலைப்பு இதுதான்."

அன்று திரும்பும் வழியெல்லாம் உன் வாய் மூடவில்லை. ஓமந்தை தாண்ட முன்னமே முழுக் கட்டுரையையும் பேசி முடித்துவிட்டாய். எழுதுவது மட்டும்தான் பாக்கி என்று நினைத்தோம்.

உன் முதல் பிரதியை நான் வாசித்திருக்கிறேன். "நான் கடற்கரையில் பிறந்தவள். நெய்தல் நிலத்துப் பெண்ணின் வாழ்வு எனக்குத் தெரியும்" என்று தொடங்கியது. இரண்டாம் பக்கத்தில் உன் அம்மா வந்தா. சண்டைக் காலத்தில் ஒரு விடியலில் கடலுக்குப் போன உன் அண்ணன் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா எந்த வேலை செய்தாலும் கடலைப் பார்த்தபடி இருந்துதான் செய்தா என்று எழுதியிருந்தாய். மீனைப் பிளப்பதும் உப்பிடுவதும் காயவைப்பதும், காகத்தைக் கலைப்பதும் எல்லாம் கடலைப் பார்த்தபடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குமேல் என்ன கட்டுரை வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை அது சிவப்பு மையோடு திரும்பி வந்தது. முதல் வரிக்குக் கீழே கோடு. அம்மாவின் பகுதி முழுவதையும் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் மிஸ்ஸின் சிறிய எழுத்து: "மிக நல்ல பகுதி. ஆனால் இந்தக் கட்டுரைக்கு உரியதல்ல."

நீ விடவில்லை. வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனாய். நான் பின்னால் நின்றேன்.

"மிஸ், எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதினனான். பொய் இல்லை."

"பொய் எண்டு நான் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியும், சரி. வாசிக்கிற ஆளுக்கு எப்பிடித் தெரியும்? பாட்டு என்ன சொல்லுது எண்டு காட்டுங்கோ. நீங்கள் சொல்லுறதை நம்பச் சொல்லாதேங்கோ."

"அப்ப என்ர அம்மா?"

மிஸ் அந்தச் சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்துச் சொன்னார். "உங்கட அம்மாவாலதான் இந்தக் கேள்வி உங்களுக்கு வந்தது. என்ர தலையில அது வரேல்லை. ஆனா பதில் பாட்டுக்குள்ள இருந்து வரவேணும்."

பஸ்ஸில் அந்தச் சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். புளியங்குளம் தாண்டிய பிறகு, "அம்மாவை வெட்டிப்போடச் சொல்லுறா" என்றாய். நான் மாங்குளத்தில் இறங்கும்போது யன்னலால் கூப்பிட்டுக் கேட்டாய்: "உங்கட லைபிரரியில சங்கப் பாட்டு எல்லாம் உரையோட கிடக்கோ?"

"கிடக்கு."

"எல்லாத்தையும் எடுத்து வை. வாறன்."

பள்ளி விடுமுறை முழுவதும் வந்தாய். கொக்கிளாயிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்குவாய். முகம் புழுதியாய் இருக்கும். வாசிப்பு மேசையின் ஓரத்தில், மின்விசிறிக்குக் கீழே உன் இடம். எழுதுவதற்கு நீ கொண்டுவந்த தாள்களின் ஒரு பக்கத்தில் உன் முன்பள்ளிப் பிள்ளைகள் வர்ணப் பென்சிலால் கீறிய படங்கள் இருந்தன. ஊதா நிற மீன், மீசை வைத்த மீன், மரத்தில் ஏறி நிற்கும் மீன். மறுபக்கத்தில் நெய்தல் பாடல்கள் ஒவ்வொன்றிலும் எந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று குறித்தாய். காயவைத்த மீன் உணங்கலுக்குக் காவலிருந்து பறவை கலைப்பவள், உப்பைச் சுமந்துபோய் நெல்லுக்கு மாற்றுபவள், வலை உலரும் மணலில் விளையாடுபவள் என்று பட்டியல் வளர்ந்தது. பத்திரிகை வாசிக்க வருகிற பெரியவர்கள் அந்த மீசை மீனைப் பார்த்து, இந்தப் பெண் என்ன படிக்கிறாள் என்று என்னிடம் கேட்பார்கள்.

அந்த நாட்களில் உன்னிடம் ஒரு மாற்றம் வந்தது. முதலில் ஒரு பாடலை வாசித்ததும், "ஓம், இது இப்பிடித்தான், எங்கட மீன் வாடியிலயும் இப்பிடித்தான் காயப்போடுறது" என்பாய். நான், "அது பாட்டில எங்க கிடக்கு?" என்று கேட்பேன். நீ திரும்பவும் வாசிப்பாய். அது பாட்டில் இருக்காது. குறித்ததைச் சினத்தோடு அடித்துவிடுவாய். கொஞ்ச நாளில் நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீயே வாசித்து, நீயே தலையாட்டி, நீயே அடித்தாய். உனக்குத் தெரிந்ததையும் பாடல் சொல்வதையும் வேறு வேறாய்ப் பிரிக்கப் பழகிக்கொண்டாய். கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று இன்று நினைக்கும்போதுதான் விளங்குகிறது.

பிறகு அந்தப் பாடல்கள் வந்தன. தலைவி ஒரு வேலையும் செய்யாமல், தோழியர் சூழ, உண்மையாகவே சும்மா இருந்து வருந்துகிற பாடல்கள். ஒன்றிரண்டு இல்லை, நிறைய. நீ புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் வேப்பமரத்துக்குக் கீழே நின்றாய். நான் தேத்தண்ணியோடு வந்தேன்.

"உதுகளை விட்டுட்டு எழுதினா கட்டுரை வடிவாய் நிக்கும்" என்றாய்.

"விடப்போறியோ?"

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அடுத்த முறை வரும்போது புதிதாக ஒரு பகுதி எழுதிக்கொண்டு வந்தாய். அதற்கு "மறுதலையான சான்றுகள்" என்று தலைப்பு. அந்தப் பாடல்கள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துக்காட்டி, அவற்றில் வருந்துபவள் எப்படிப்பட்ட வீட்டுப் பெண், அவளைச் சுற்றி நிலம் எப்படிக் காட்டப்படுகிறது என்று பார்த்திருந்தாய். தலைவி கையைக் கட்டிக்கொண்டிருக்கும் பாடல்கள் பலவற்றிலும் பின்னணியில் யாரோ மீன் காயவைக்கிறார்கள், யாரோ உப்பு விற்கிறார்கள். உன் முதல் முடிவு அங்கே உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து அதைவிட நல்ல முடிவு ஒன்று கிடைத்தது. அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "நெய்தலில் இரங்கல் நிகழும் இடம் வெறும் கரை அன்று, அது ஒரு தொழிற்களம். அழுகின்ற கண்ணையும் உழைக்கின்ற கையையும் புலவர் ஒரே காட்சியில் வைத்தனர். நாம்தான் கண்ணை மட்டும் பார்த்தோம்."

மிஸ் அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. ஓரத்தில் ஒரு சின்னச் சரி மட்டும் போட்டிருந்தார்.

கட்டுரை முடிந்த சமயம் உங்கள் மாதா கோயில் பெருநாளுக்கு என்னைக் கூப்பிட்டாய். மத்தியானச் சாப்பாடு முடிந்து, குசினி வாசலில் உன் அம்மா இருந்து தலை கிள்ளிக் கோது நீக்கி றால் உடைத்துக்கொண்டிருந்தா. நீ கதிரையை இழுத்துப் போட்டு, "அம்மா, கேளுங்கோ" என்று கட்டுரையை வாசிக்கத் தொடங்கினாய். கடும் எழுத்துத் தமிழ். "உரிப்பொருள்", "முதற்பொருள்", அடிக்குறிப்பு எண்கள் எல்லாவற்றையும் சேர்த்தே வாசித்தாய். அம்மா இடையில் எழுந்து போய்விடுவா என்று நினைத்தேன். அவா போகவில்லை. அண்ணனின் பெயர் அந்தக் கட்டுரையில் இல்லை. அம்மாவும் இல்லை. கொக்கிளாய் என்ற சொல்லே இல்லை.

நீ வாசித்து முடித்ததும் அம்மா கையிலிருந்த றாலைச் சட்டிக்குள் போட்டா.

"இது எந்தக் காலத்துக் கதை பிள்ளை?"

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது அம்மா."

"உந்தப் பெட்டையளும் எங்களை மாதிரித்தான் கிடக்கு. கையும் ஓயேல்லை, கண்ணும் ஓயேல்லை."

சொல்லிவிட்டு அடுத்த றாலை எடுத்தா. நீ என்னைப் பார்த்தாய். வெட்டிப் போட்டாய் என்று நீ நினைத்த அம்மா அதற்குள்தான் இருந்தா. அன்றைக்கு நீ மிஸ்ஸை முழுதாக மன்னித்தாய் என்று நினைக்கிறேன்.

மிஸ்தான் அந்தக் கட்டுரையை யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வரங்குக்கு அனுப்பச் சொன்னார். ஏற்றுக்கொண்டார்கள். நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தாய். உன் மனுசனும் வந்து, வெள்ளைச் சேர்ட்டோடு கடைசி வரிசைக் கதிரையில் நுனியில் இருந்தார். முதல் பக்கத்தை ஓட்டமாய் வாசித்தாய். இரண்டாம் பக்கத்திலிருந்து நிதானம் வந்தது. வாசித்து முடிந்ததும் வயதான ஒரு பேராசிரியர் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்கள் கரையோரத்திலிருந்து வருகிறீர்கள் என்று அறிமுகத்தில் சொன்னார்கள். உங்கள் சொந்த அனுபவத்தைப் பாடல்களின் மேல் ஏற்றிப் பார்க்கிறீர்கள் என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?"

நீ ஒலிவாங்கியை விட்டு விலகாமல் நின்றாய்.

"ஐயா, கேள்வி என்னுடைய அனுபவத்திலிருந்துதான் வந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் கட்டுரையில் 'நான்' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. என் கருத்துக்கு எதிரான பாடல்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறேன். கடலையே காணாத ஒருவர் அதே பாடல்களை எடுத்துப் பார்த்தாலும் இதே இடத்துக்கு வரலாம். வரமுடியாவிட்டால், எந்தப் பாடலில் நான் பிழைத்தேன் என்று அவர் காட்டட்டும். திருத்திக்கொள்வேன்."

பேராசிரியர் தலையசைத்து, "நல்ல பதில்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். தேநீர் இடைவேளையில் உன்னைத் தேடி வந்து கட்டுரையின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கினார். நான் அந்த மண்டபத்தில் யாரென்று தெரியாத பெண்ணொருத்தியின் கையைப் பிடித்து, "அவா என்ர சிநேகிதி" என்று சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

உன் மனுசன் வெளியில் சைக்கிள்கள் நின்ற இடத்தில் காத்திருந்தார். "எப்பிடி?" என்று கேட்டேன். "எனக்கு அரைவாசி விளங்கேல்லை" என்றார். "ஆனா இவ்வளவு படிச்ச சனம் இவள் கதைக்கேக்க ஒரு சத்தம் போடேல்லைப் பாத்தீங்களோ?" என்றார். அந்த ஒன்றைப் பஸ்ஸில் மாங்குளம் வரும் வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொன்னார். நீ யன்னலால் பார்த்துக்கொண்டு, கேட்காதவள் போல, ஒவ்வொரு தடவையும் கேட்டாய்.

கட்டுரை ஆய்வரங்கின் தொகுப்பு நூலில் வந்தது. நாம் இருவரும் பட்டம் பெற்றோம். முதுமாணிக்கும் ஒன்றாகவே பதிந்தோம். அந்த வருடம்தான் உனக்கு வருத்தம் கண்டுபிடித்தார்கள். புற்றுநோய், பிந்திவிட்டது என்றார்கள். யாழ்ப்பாணத்தில் நீ வைத்தியசாலையில் இருந்தபோது நான் வகுப்புக் குறிப்புகளைக் கொண்டுவந்து காட்டுவேன். முதலில் வாசித்தாய். பிறகு என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாய். ஒரு பின்னேரம், நான் என் ஆய்வை உப்புக்கு நெல் மாற்றுகிற பாடல்களில் செய்யப்போவதாகச் சொன்னேன். உன் கடலும் என் வயலும் சந்திக்கும் இடம் அது. உனக்கு மகிழ்ச்சி.

"அப்ப என்ர கட்டுரையை எடுத்தாளவேணும் நீ."

"எடுத்தாளாமல்?"

"சும்மா தலையாட்டிப்போட்டு விடாத. சிநேகிதி எண்டு பாராத. பிழை கண்டா பிழை எண்டு எழுது. அப்பதான் அது கட்டுரை. இல்லாட்டி அது கலியாண வாழ்த்து."

சிரிக்க உனக்கு நோவாக இருந்தது. ஆனாலும் சிரித்தாய். அதற்குப் பிறகு நாம் பேசியவையெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான்.

உன்னை அடக்கம் செய்த பிறகு நெடுநாள் நான் எழுதவில்லை. பிறகு எழுதத் தொடங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. ஆய்வேட்டில் உன்னை "நீ" என்றோ "அவள்" என்றோ சொல்ல ஏலாது. உன் முழுப்பெயரை எழுதி, "அவர்" என்று எழுதவேண்டும். "அவர் நிறுவுகிறார்." "அவரது வாதத்தின்படி." பஸ்ஸில் என் தோளில் தலை வைத்து நித்திரை கொண்டு, வாயால் வீணி வடித்தவளை "அவர்" என்று எழுதும்போது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கை தானாகவே அந்த மரியாதைக்குப் பழகிவிட்டது. பல்கலைக்கழகத்து அறிஞர்களின் பெயர்களுக்கு நடுவில் உன் பெயரை நான் எழுதியபோது, அது கூச்சமில்லாமல் அங்கே இருந்தது.

பிழையும் கண்டேன். உப்பு விற்கும் பெண்கள் எல்லோரையும் நெய்தல் நிலத்தவர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாய். சில பாடல்களில் அவர்கள் வண்டியோடு நிலம் நிலமாய்த் திரியும் உப்பு வணிகரின் வீட்டுப் பெண்கள். அவர்களை ஒரு நிலத்துக்குள் அடைக்க முடியாது. ஒரு முழு அத்தியாயம் உன்னோடு சண்டை பிடித்து எழுதினேன். ஒவ்வொரு பந்தியையும் முடித்ததும் நீ என்ன மறுமொழி சொல்வாய் என்று யோசித்து, அதற்கும் பதில் எழுதினேன். உன் முக்கியமான முடிவை அசைக்க என்னால் முடியவில்லை. முயற்சி செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

போன மாதம் வாய்மொழிப் பரீட்சை. மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் என் ஆய்வேட்டைப் புரட்டியபடி கேட்டார்.

"ஓர் அத்தியாயம் முழுக்க ஒரே ஆளோடுதான் வாதாடுகிறீர்கள். இந்தப் பெயரை நான் முன்பு கேள்விப்படவில்லை. இவர் யார்?"

என் சிநேகிதி என்று வாயில் வந்தது. முன்பள்ளி ஆசிரியை என்றும் வந்தது. செத்துப்போனாள் என்றும் வந்தது. நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

"கொக்கிளாயைச் சேர்ந்த ஆய்வாளர், சேர்."

"வேறு என்ன எழுதியிருக்கிறார்?"

"இந்த ஒரு கட்டுரைதான். அவர் காலமாகிவிட்டார். ஆனால் நெய்தலைப் பற்றி இனி எழுதுகிற எவரும் இதை ஏற்கவேணும், அல்லது மறுக்கவேணும். தாண்டிப் போக ஏலாது."

அவர் ஆய்வேட்டை மூடிவைத்தார். பிறகு உன் கட்டுரை வந்த தொகுப்பின் விபரத்தைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, பேனையைத் திறந்து உன் பெயரைத் தன் கையால் எழுதிக்கொண்டார். ஓரிடத்தில் நிறுத்தி, எழுத்து சரியா என்று என்னிடம் கேட்டார்.

சரி என்றேன்.